வெடிக்குப் பழகிய மயிலும் வெடிச்சத்தம் கேட்காத குளமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் படியுங்கள்.

போன வாரம் என் தங்கை மகன் போன் செய்தான். பனவடலிசத்திரத்துக்கு மேற்கே நாலு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கிறான். "மாமா, வெடி போட்டா மொத வாரம் மயிலு பறந்து ஓடுச்சு. ரெண்டாம் வாரம் வரப்புல ஏறி நின்னுச்சு. இப்ப திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கு. ராத்திரி பன்னி வேற. பேசாம மோட்டார் லைன்ல இருந்து ஒரு கம்பி இழுத்து விட்டுரலாமான்னு பாக்கேன்" என்றான். கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் இன்னும் வெள்ளாமை பார்க்கிறீர்கள், உங்களுக்கும் ஆகும்.

ஆசிரியர் பயிற்சி படித்தவர்கள் எல்லோருக்கும் பாவ்லோவின் நாய் தெரியும். ஆக்கநிலையுறுத்தக் கற்றல் என்று பத்து மதிப்பெண் கேள்வியாக வரும். உணவோடு சேர்த்து மணியோசையைப் பலமுறை கேட்ட நாய், பிறகு ஓசைக்கே எச்சில் ஊறவிடும். ரஷ்யாவின் பாவ்லோவ் 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். பரிசு செரிமான ஆராய்ச்சிக்கு, நாயின் கல்விக்கு அல்ல. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சம்பவம் உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நேவா நதி பெருக்கெடுத்து, அவருடைய நாய்க் கூடங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. நாய்கள் கூண்டுக்குள் மூக்கை மட்டும் மேலே நீட்டி நீந்திக்கொண்டிருந்தன. ஆட்கள் வந்து காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் சில நாய்கள் அதுவரை கற்ற பாடத்தையெல்லாம் மறந்துபோயின. மெல்ல மெல்ல மறுபடி பழக்கிய பிறகு, ஒரு நாயை வைத்து அறையின் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசிய விட்டார்கள். அவ்வளவுதான், அதன் பழைய நடுக்கம் திரும்பி வந்துவிட்டது. பல நாள் படித்த படிப்பு ஒரே இரவில் போனது. ஒரே இரவில் படித்த பயம் போகவில்லை.

அதற்கு நாலு வருடம் முன்பு, 1920-ல், அமெரிக்காவின் பால்டிமோரில் வாட்சன் என்ற உளவியலாளரும் அவருடைய உதவியாளர் ரோசலி ரெய்னரும் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டினார்கள். குழந்தை தொடப்போகும் போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைகளிலேயே எலியைப் பார்த்தாலே அழுதது. பிறகு முயலுக்கும், நாய்க்கும், ரோமச் சட்டைக்கும் அழுதது. இன்றைக்கு யாரும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அந்தப் பயத்தைப் போக்கிவிட்டாவது பிள்ளையை அனுப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணிதான் எதிர்த்திசையில் போனார். முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் தனக்குப் பிடித்த தின்பண்டத்தைத் தின்னும்போது, முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். வாட்சன் பெயர் தெரிந்த அளவுக்கு இந்த அம்மா பெயர் நம் ஆசிரியர்களுக்குத் தெரியாது. எனக்கு அது நெடுநாள் வருத்தம்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். விலங்குக்கு எப்படிப் பயம் காட்டுவது என்று வெள்ளைக்காரர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. சங்க காலத்துக் குறிஞ்சி நிலப் பெண்கள் தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து கிளி ஓட்டினார்கள். தட்டை, தழல், குளிர் என்று அவர்கள் கையில் இருந்த கருவிகளின் பெயர்களே பல. அதோடு கவண், வாயால் ஆலோலம். ஒரு கிளியை ஓட்ட இத்தனை கருவி எதற்கு? ஒரே ஓசை என்றால் கிளி நாலு நாளில் பழகிவிடும் என்று அவர்கள் கண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்னொரு பக்கம், அகநானூற்றில் ஒரு தலைவன், பூவில் இருக்கும் வண்டுகள் கலையக் கூடாது என்று தேர் மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். ஓசையால் விரட்டவும் தெரியும், ஓசையை அடக்கி இருத்தவும் தெரியும்.

இந்த இரண்டாவது வித்தைக்கு எழுத்துப்பூர்வமான வரலாறு ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அதுதான் வேடந்தாங்கல். செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள் உள்ள சின்ன ஏரி. பெயரைப் பாருங்கள், வேடன் தாங்கல். ஒரு காலத்தில் வேட்டைக்காரர் ஊர். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே போய்ப் பறவைகளைச் சுட்டு விளையாடினார்கள். ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, இனி இங்கே யாரும் சுடக்கூடாது என்று 1798-ல் கவுல் எழுதி வாங்கிவிட்டார்கள். மதுராந்தகம் ஏரிக்கரையோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஏரி காத்த ராமர்' கதையில் வருகிறாரே ஒரு துரை, அவரேதான் இந்தப் பிளேஸ். 1858-ல் மறுபடியும் ஓர் ஆணை வாங்கினார்கள். சரணாலயம் என்று ஆனது 1936-ல். ஆக, அரசாங்கம் பலகை நடுவதற்கு நூற்று முப்பது வருடத்துக்கு மேல் முன்பே ஊர் காவல் காத்திருக்கிறது.

ஊர்க்காரர்களுக்குப் பறவைமேல் பாசம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டுக்குக் கீழே விழும் எச்சம் ஏரித் தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரம் கூடவே போகிறது. கணக்குத் தெரிந்த விவசாயிகள் அவர்கள்.

பறவையின் பக்கமிருந்து இதைப் பாருங்கள். கூழைக்கடாவுக்கு கவுல் படிக்கத் தெரியாது. சுட்ட வருடங்களில் "இந்த ஏரி ஆகாது" என்று கற்றது. சுடாத வருடங்களில் "இந்த ஏரி ஆகும்" என்று கற்றது. அப்பன் ஆத்தா கூட்டிலிருந்து பதறி எழும்பினால் குஞ்சும் பதறக் கற்றுக்கொள்ளும். அவை அசையாமல் இருந்தால் குஞ்சும் அசையாது.

இதில் டார்வினோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. 1835-ல் அவர் காலபாகஸ் தீவுகளுக்குப் போனபோது, மரத்தில் இருந்த பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளிவிட முடிந்ததாம், அவ்வளவு சாது. மனிதனுக்குப் பயப்படுவது ஒரு பறவை தன் ஆயுளில் சட்டென்று படிப்பதல்ல, பல தலைமுறையாக ரத்தத்தில் ஊறி வருவது என்று அவர் முடிவுகட்டினார். தீவுப் பறவைக்கு அது பொருந்தலாம். நம் காக்கையிடம் செல்லாது. 2006-ல் அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப் ஒரு குகைமனித முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார். பிறகு அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூட்டம் கூடிக் கரைந்து திட்டின. முகமூடி இல்லாமல் அவரே போனால் சும்மா இருந்தன. வேறு முகமூடிக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. வருடங்கள் போகப் போகத் திட்டுகிற காக்கைகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. பிடிபடாத காக்கைகளும், அன்று பிறந்தே இராத குஞ்சுகளும் சேர்ந்துகொண்டன. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயும்போது கம்பு எடுத்து ஓட்டினவளை மட்டும் காக்கை குறி வைத்துத் தலையில் தட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பேராசிரியருக்கு முகமூடி தேவைப்பட்டது, நமக்கு வடகமே போதும்.

பார்த்துக் கற்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சூசன் மினேக்கா என்ற உளவியலாளர், ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளை வைத்துச் சோதித்தார். அவற்றுக்குப் பாம்பு என்றால் பயமில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைச் சில நிமிடம் பார்க்கவிட்டதும் இவையும் பயந்தன. அந்தப் படத்தையே வெட்டி ஒட்டி, பூவைக் கண்டு குரங்கு அலறுவது போலக் காட்டினார்கள். பூவுக்குப் பயப்படக் கற்கவே இல்லை. எதற்குப் பயப்படலாம் என்று உடம்புக்குள் ஒரு பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது போலும். மயிலின் பட்டியலில் நாயும் நரியும் இருக்கும். சரவெடி இருக்க நியாயமில்லை.

இப்போது மருமகனின் வெடிக்கு வருகிறேன். சத்தம் வந்தது, ஆனால் அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. மூளை கணக்குப் போட்டுவிடும். புலி வருது கதையில் ஊர்ச் சனம் செய்ததைத்தான் மயிலும் செய்கிறது. அதே மயிலை, வெடி பழக்கமில்லாத வேறொரு தோட்டத்தில் வைத்துப் பாருங்கள், பதறும். ஏனென்றால் பயமும் சரி, பயம் தெளிவதும் சரி, இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு பெட்டியில் ஓசையோடு லேசான மின் அதிர்ச்சி வாங்கிய எலி, ஓசை இல்லாமலே அந்தப் பெட்டிக்குள் விட்டாலும் உறைந்து நிற்கும். வேறு பெட்டியில் சாதாரணமாகத் திரியும். அங்கே ஓசையைக் கேட்டால் மறுபடி உறையும். 1992-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே பிரித்துக் காட்டின. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி கெட்டால் இடத்தின் பயம் போகிறது, ஓசையின் பயம் நிற்கிறது. அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுள்ள பகுதி கெட்டால் இரண்டும் போகிறது.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு எலிகளைத் தினம் இரண்டு மணி நேரம், பத்து நாள் அசையவிடாமல் வைத்தது. 2002-ல் வெளியான முடிவு இது: ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவில் கிளைகள் கூடின. 21 நாள் ஓய்வு கொடுத்த பிறகும் அமிக்டலாவில் கூடினது குறையவில்லை என்று பிறகு கண்டார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு பிரம்பை ஏன் தடுக்கிறது என்று கேட்கும் என் வயது ஆசிரியர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கணக்குப் பாடத்தைவிட கணக்கு வாத்தியார் நின்ற மூலை நன்றாக ஞாபகம் இருக்கும். சரி, அது வேறு பேச்சு.

யானை இந்த இடம்-ஆள்-ஓசைக் கணக்கில் பெரிய பண்டிதர். கென்யாவின் அம்போசெலியில் மாசாய் இனத்து ஆண்கள் யானையை ஈட்டியால் குத்துவதுண்டு, கம்பா இனத்தார் உழவர்கள். இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வதைப் பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். மாசாய் ஆணின் குரலுக்கு யானைகள் ஒன்றாக நெருங்கி நின்று பின்வாங்கின. கம்பா குரலுக்கும், மாசாய்ப் பெண்கள், சிறுவர்களின் குரலுக்கும் அவ்வளவு பதற்றம் இல்லை. 2014-ல் வெளியான ஆய்வு இது. எந்த மொழி, ஆணா பெண்ணா, பெரியவனா சின்னவனா என்று குரலை வைத்தே தரம் பிரித்திருக்கிறது.

அரிக்கொம்பனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இடுக்கியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பேர் வாங்கிய யானை. 2023 ஏப்ரல் 29-ல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, மே 27-ல் கம்பம் நகரத் தெருவில் ஓடியது. ஜூன் 5-ல் மறுபடி பிடித்து நம் களக்காடு முண்டந்துறைக் காட்டில், கோதையாறு மேல்பகுதியில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த செப்டம்பரில் மாஞ்சோலை எஸ்டேட் பக்கம் வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போனது. அதைக் கொண்டுவிட்ட லாரி யானையை மட்டும் ஏற்றிவரவில்லை. மனிதனின் வெடிக்கு அஞ்ச வேண்டியதில்லை, வீடு இருக்கும் இடத்தில் அரிசி இருக்கும் என்று வருடக்கணக்காகப் படித்த படிப்பையும் ஏற்றிவந்தது. எந்தப் பக்கம் போனால் ஆபத்து என்ற படிப்பு மட்டும் பழைய காட்டிலேயே தங்கிவிட்டது, புதிய காட்டில் அதற்கு அது உதவாது.

மின்கம்பிக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காக ஒரு விவசாயி தோட்டத்தைச் சுற்றித் திருட்டுத்தனமாக இழுத்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. விவசாயி கைதானார். மோட்டார் லைனிலிருந்து நேராக வரும் மின்சாரம் பிடித்தால் விடாது, அது யானை, பன்றி, பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரி போகிற மாரியப்பன் என்று பார்க்காது. சூரியசக்தி வேலி வேறு. அது கண் சிமிட்டும் நேரத்துக்குச் சுரீர் என்று அடித்து விட்டுவிடும். தொட்ட பன்றி உயிரோடு ஓடி, அந்த வேலியை ஞாபகம் வைத்துக்கொள்ளும், குட்டிகளையும் விலக்கிக் கூட்டிப் போகும். செத்த பன்றி எந்தப் பாடமும் யாருக்கும் எடுக்காது. மறுநாள் வேறு பன்றி வரும். மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் விதிகளும் போட்டிருக்கிறது. மயில் 1963-லிருந்து தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்கு ஒன்று ஆனால் ஜாமீனுக்கு அலைய வேண்டியது மருமகன்தான். இதையெல்லாம் சொன்னதும் "சரி மாமா, கம்பி இழுக்கல" என்றான். சோலார் வேலிக்கு மானியம் உண்டா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்கப் போகிறான்.

அதுவரைக்கும்? சத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன். ஒரு நாள் தகரம், ஒரு நாள் நாய், ஒரு நாள் ஒன்றுமே இல்லை. பொம்மையை இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்று, சட்டையை மாற்று. வெடி போட்டால் சத்தத்தோடு ஆளும் ஓடி வர வேண்டும், அப்போதுதான் சத்தத்துக்கு அர்த்தம் இருக்கும். விதை முளைவிடும் பத்துப் பதினைந்து நாளும் கதிர் பால் பிடிக்கும் நாளும்தான் முக்கியம், மற்ற நாளில் வெடியை வீணாக்கிப் பாடத்தைக் கெடுக்காதே. ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பப் போடும் ஓசைப் பெட்டியையும் வாங்காதே என்றேன். பயம் காட்டுவது ஆள்செலவு பிடித்த வேலை. சங்க காலத்தில் அதற்கு ஒரு பெண் நாள் முழுக்கப் பரணில் உட்கார வேண்டியிருந்தது.

நம் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் இருக்கிறது, நாங்குநேரி வட்டம். 1994-ல் சரணாலயமானது. ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லைப்புறத்து வேம்பிலும் புளியிலும் நாரை கூடு கட்டுகிறது. கீழே பாத்திரம் கழுவுகிறார்கள், மேலே குஞ்சுக்கு மீன் ஊட்டுகிறது. தீபாவளிக்கு வெடி கிடையாது. சிவகாசிக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு வெடி வைக்காத பிள்ளைகள்! கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்த பால்பாண்டி அந்த ஊர்க்காரர். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் அப்படியே. அது 1977-லிருந்து சரணாலயம். வெடி வைக்காமல் இருந்ததற்கு வனத்துறை தீபாவளிக்கு ஊராருக்கு இனிப்புக் கொடுக்கிறது.

அங்கே தலைக்குமேல் அசையாமல் இருக்கும் அதே நாரை, நம் பக்கத்துக் கண்மாயில் ஆள் தலை தெரிந்தாலே எழும்பிவிடுகிறது. இனம் ஒன்றுதான், கண்மாய்தான் வேறு. பறவை ஆய்வாளர்கள் இதை அளக்கவே செய்கிறார்கள், ஆள் எவ்வளவு நெருங்கினால் பறவை எழும்புகிறது என்று.

நீங்களும் அளக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரவர் ஊர்க் குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஒரு கொக்கையோ நாரையையோ பார்த்து, நேராக, மெதுவாக நடங்கள். அது எழும்பியதும் நின்று, அது இருந்த இடம் வரைக்கும் எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். பைக்கில் போனால் எத்தனை, நாயோடு போனால் எத்தனை, கையில் கம்பு இருந்தால் எத்தனை என்றும் பாருங்கள். ஊர்ப் பெயரோடு எண்ணிக்கையைக் கீழே எழுதுங்கள். சென்னை, சிங்கப்பூர், துபாயில் இருப்பவர்கள் அங்கத்திய புறாவை அளந்து எழுதலாம். மாத முடிவில் எல்லாவற்றையும் ஒரு அட்டவணையாகப் போட்டுத் தருகிறேன். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.